என் சம்பந்தி தேய்த்த பொத்தான்கள்

என் பேத்தி பிறந்து நாலு மாதம் ஆகிறது. அவள் அழகைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கொட்டாவி விடும்போது அவளுக்கு மூக்கின் மேல் ஒரு சுருக்கம் விழும். அது எங்கள் பக்கத்துச் சுருக்கம். என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. சம்பந்தி வீட்டில் ஒருவருக்கும் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் போட்டோ வரைக்கும் பார்த்துவிட்டேன்.

இது அந்தச் சம்பந்தியைப் பற்றியதுதான். என் மாப்பிள்ளையைப் பெற்றவர். அவர் தெருவில் எல்லோரும் அவரை 'டைப்பு சார்' என்பார்கள். ஒல்லியான மனிதர். வீட்டில் தனியாக இருக்கும்போதுகூடச் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்டிருப்பார். கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் பேசமாட்டார். குடி கிடையாது, புறணி கிடையாது, சத்தம் போட்டுத் தும்மக்கூட மாட்டார். இப்படிப்பட்ட ஆளைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நான் வண்டி கழுவுகிறவன். மெயின் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் கடையில் காலை ஷிப்டு. அவர் ஆஸ்பத்திரிக்கு டைப் அடிக்கிறவர். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், இன்ன வியாதி, இன்ன மருந்து என்று ஒரு கருவியில் பேசி வைத்துவிடுவார்களாம். இவர் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே எழுத்தில் அடித்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் விடவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறார். அவருடைய கம்ப்யூட்டரை மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. கீபோர்டை மட்டும் மாற்ற விடவில்லை. பழைய காலத்துக் கனமான கீபோர்டு. அதன் வாய் இப்போதைய கம்ப்யூட்டரில் நுழையாது என்று நடுவில் ஒரு குட்டி வயரைக் கோர்த்திருக்கிறார்கள். தட்டினால் டக் டக்கென்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

என் வயிற்றெரிச்சல் அந்தக் கீபோர்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

மகளுக்கு லீவு முடியப் போகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளையும் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பகலில் பாப்பாவை யார் வீட்டில் விடுவது என்ற பேச்சு வந்தது. இதில் பேச என்ன இருக்கிறது, எங்கள் வீடுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தொட்டில் போட இடம்கூட ஒழித்து வைத்துவிட்டாள். பார்த்தால் சம்பந்தியும் மெல்ல வாயைத் திறக்கிறார்.

"என் வீட்லயும் விடலாம்" என்றார்.

இந்த மூன்று வார்த்தைக்கே எனக்குச் சுரீரென்றது. "ஒத்தை ஆம்பளை நீங்க. பச்சைக் குழந்தைய எப்படிப் பாத்துப்பீங்க சம்பந்தி?" என்றேன்.

 அவருக்கு முன்னால் என் மகள் பதில் சொன்னாள். "அப்பா, உன் மாப்பிள்ளைய வளத்ததே அந்த ஒத்தை ஆம்பளைதான். நாலு மாசக் குழந்தையா விட்டுட்டு அத்தை போய்ச் சேந்துட்டாங்க. தெரிஞ்சுதான் பேசறியா?"

தெரியும். கல்யாணம் பேசும்போதே சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நீயும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்றாள் மகள். "இவளுக்குப் பகல் தூக்கம்தான் பெரிய பாடு. ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க இருந்து பாக்கிறேன். எந்த வீட்ல ஒழுங்கா தூங்குறாளோ அந்த வீடு. அதுக்கப்புறம் என்கிட்ட யாரும் வந்து பொரிஞ்சு தள்ளக் கூடாது."

முதல் வாரம் அவர் வீடு. நான் தினமும் வேலை முடிந்து, கையில் ஷாம்பு வாடை போகுமுன்னே அங்கே போய் நிற்பேன். போகும்போதெல்லாம் பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் மேஜையில் உட்கார்ந்து டக் டக்கென்று தட்டிக்கொண்டிருப்பார். வாசலில் நிற்கும் எனக்கு அவர் முதுகு தெரியும். தொட்டில் அவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். அந்தச் சத்தத்தில் ஊமைகூட எழுந்து திட்டுவான். இந்தக் குழந்தை அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறது!

"எப்படிம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"அந்தச் சத்தம்தான்பா. மாமா தட்ட ஆரம்பிச்சா கண்ணு சொக்குது. அவரும் சின்னதுல அப்படித்தான் தூங்குவாராம்." அவர் என்றால் மாப்பிள்ளை. ஆக, பரம்பரையாக வருகிறது. எங்கள் பக்கத்திலிருந்து மூக்குச் சுருக்கம் வந்தது. அவர்கள் பக்கத்திலிருந்து தூக்கம் வந்தது. சுருக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவது?

ஒருநாள் சம்பந்தி டீ போட உள்ளே போனபோது அந்தக் கீபோர்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பொத்தான்களில் எழுத்தே இல்லை. ஓரத்தில் இருந்த சிலதில் மட்டும் ஏதோ மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் மழித்த தலை மாதிரி மொட்டை. பக்கவாட்டில் பழுப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது. நடுவில், விரல் படுகிற இடம் மட்டும், கண்ணாடி மாதிரி மினுங்கியது. நீளப் பொத்தான் ஒன்று கீழே படுத்திருக்கிறதே, அதன் இடது பக்கத்தில் ஒரு பெருவிரல் அளவுக்குப் பளபளப்பு.

எனக்கு அது புதுசில்லை. கார் கியர் பிடியைப் பார்த்தால் டிரைவரைத் தெரியும். உள்ளங்கை வைத்து அழுத்துகிறவனா, விரலால் தள்ளுகிறவனா என்று சொல்லிவிடலாம். தொட்டுத் தொட்டு, கை எண்ணெய் ஏறி ஏறி, பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு செத்துப் போய், அந்த ஆளின் கை மாதிரியே ஒரு பளபளப்பு வந்துவிடும். ஆனால் அது யாரோ முகம் தெரியாத டிரைவர். இது என் சம்பந்தி. மனுசன் ஒரு இடத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டி, தன் விரலை ஒரு பொருளில் பதித்துவிட்டுப் போகப் போகிறார். நாளைக்கு என் பேத்தி வளர்ந்து, இது எங்க தாத்தா தேய்த்தது என்று நாலு பேருக்குக் காட்டுவாள். நான் கழுவிய வண்டிகளை எங்கே போய்க் காட்டுவாள்? கடை வாசலைத் தாண்டி முதல் குட்டையில் இறங்கியதுமே என் வேலை போய்விடுகிறது.

இதோடு இன்னொரு கூத்தும் உண்டு. மகள் வீட்டு வாசல் கதவுக்கு மாப்பிள்ளை விரல் வைக்கிற பூட்டுப் போட்டிருக்கிறார். வீட்டு ஆட்களின் ரேகையைப் பதிந்து வைத்துவிட்டால் சாவி வேண்டாம். தொட்டால் திறக்கும். என் மனைவி விரலை எடுத்துக்கொண்டது. சம்பந்தி விரலை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. என் முறை வந்தபோது பூட்டு டிக் டிக்கென்று சிவப்பு விளக்கு காட்டியது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார் மாப்பிள்ளை. வேட்டியில் துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன். ஊகூம்.

"மாமா, உங்க விரல்ல ரேகையே இல்ல" என்றார் ஆச்சரியமாக.

"சோப்புத் தண்ணியிலயே கெடந்தா எப்படி இருக்கும்?" என்றாள் என் மனைவி. "தேஞ்சுதான் போயிருக்கும்."

ஆக, அவர் விரல் பொத்தானைத் தேய்த்தது. என் வேலை என் விரலைத் தேய்த்தது. அவர் என் மகள் வீட்டுக் கதவை ஒரு தொடு தொட்டுவிட்டு உள்ளே போவார். நான் பெற்ற மகள் வீட்டு வாசலில் நான் விருந்தாளி மாதிரி நிற்பேன். மணி அடித்தால் பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுவாள் என்று, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிவிட்டு நிற்பேன்.

இரண்டாவது வாரம் எங்கள் வீட்டு முறை. பாப்பா தூங்கவில்லை. என் மனைவி தோளில் போட்டு நடந்தாள், பாடினாள், தொட்டிலை ஆட்டினாள். பத்து நிமிடம் கண் மூடுவாள், பிறகு வீறிட்டு எழுவாள்.  சத்தம்தானே வேண்டும், நான் கொண்டுவருகிறேன் என்று, எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய இரும்புக் கடையில் ஒரு கீபோர்டு கேட்டு வாங்கி வந்தேன்.

"எதுல மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

"எதுலயும் மாட்ட வேண்டாம். சத்தம்தான வேணும்?"

தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வயரைச் சுருட்டித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். என் கை பம்பு பிடித்துப் பழகிய கை. பாப்பா என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள்.

மனைவி ஓடி வந்தாள். "குழந்தையத் தூங்க வைக்கிறீங்களா, கரப்பான்பூச்சி அடிக்கிறீங்களா?"

மகள் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.  வாரம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அவள் மனசில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

எல்லாக் கீபோர்டும் ஒன்றாகிவிடாது, அந்தக் கீபோர்டின் சத்தம்தான் அவளுக்குப் பழகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்கத்தைத் துடைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"சம்பந்தி, இன்னைக்கு ஒருநாள் அந்தக் கீபோர்டக் கொடுங்களேன். இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்லதானே?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கு என்று கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. வயரைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். "பாத்து" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் பொத்தான்களுக்கு நடுவில் முடி, தூசி, என்றைக்கோ விழுந்த பிஸ்கட் தூள். பக்கமெல்லாம் பிசுக்கு. இதையா என் பேத்தி பக்கத்தில் வைப்பது? அழுக்கு வண்டி கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. அதோடு, சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுத்தால் எனக்கும் ஒரு பேர் வரட்டுமே என்ற நப்பாசையும் இருந்தது. ஸ்பூன் காம்பைக் கொடுத்து நெம்பினேன். பொத்தான் டப்பென்று கழன்று வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. எல்லாவற்றையும் டீ வடிகட்டியில் போட்டு, வண்டி ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசினேன். தண்ணீர் டீயைவிடக் கருப்பாக வந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. பிசுக்கு போய்விட்டது, நடுவில் இருந்த பளபளப்பு போகவில்லை. இரண்டாம் தடவை தேய்த்தேன். வண்டிக்குப் போடும் கறை எடுக்கிற மருந்தை ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். இன்னும் நன்றாகத்தான் மினுங்கியது. அழுக்கு என்றால் போகும். பொருளே தேய்ந்து போயிருந்தால் எதைப் போட்டும் போகாது.

துண்டில் பரப்பிக் காய வைத்துவிட்டுத் திருப்பி மாட்ட உட்கார்ந்தேன். எல்லாம் மொட்டை. எது எங்கே இருந்தது? காரில் நாலு சக்கரத்தைக் கழற்றினால் எதை எங்கே மாட்டினாலும் ஓடும். எழுத்துத்தான் இல்லையே, பொத்தானும் அப்படித்தானே என்று கைக்கு வந்ததை மாட்டினேன். ஒரு வரிசை முடித்துவிட்டுப் பார்த்தேன். ஒன்று மேலே நிற்கிறது, ஒன்று சாய்ந்து நிற்கிறது. கிழவன் பல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிசைப் பொத்தானுக்கும் ஒவ்வொரு சாய்வு என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி பிடுங்கினேன்.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டின்னு நினைச்சுட்டார் மனுசன். நல்லவேளை, பம்பு வச்சு அடிக்கல" என்று மகளிடம் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை.

அப்போது பார்த்துச் சம்பந்தி வந்து நிற்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகப் போன் வந்ததாம். ஒரு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், டாக்டர் பேசியதை உடனே அடித்துக் கொடுக்க வேண்டுமாம். கீபோர்டை வாங்கிப் போக வந்திருக்கிறார். தரையில் துண்டு. துண்டில் பொத்தான்கள். நடுவில் நான்.

"கழட்டிட்டீங்களா?" என்றார்.

"புதுசு மாதிரி ஆக்கிட்டேன் சம்பந்தி" என்றேன். 

அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. நல்லாத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். உள்ளே பாப்பா வீறிட்டாள்.

"மாமா, பக்கத்து வீட்ல ஒரு கீபோர்டு வாங்கித் தரட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"வேற எதுலயும் எனக்குக் கை ஓடாதும்மா. இங்கயே மாட்டிடுறேன். நீ பாப்பாவ இப்படிக் கொண்டா."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனக்கு வலது பக்கம் பாயை விரிக்கச் சொல்லி, அழுகிற குழந்தையை அதில் கிடத்தினார். வலது கையை அவள் வயிற்றின் மேல் வைத்தார். இடது கையால் பொத்தானை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினார். மேல் வரிசை என்று ஒரு பக்கம் வைத்தார். நடு வரிசை என்று ஒரு பக்கம் வைத்தார். வலது கை மட்டும் அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே அளவாக. பாப்பா ஒரு தடவை விசும்பினாள். கண் சொக்கியது. தூங்கிவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டக் டக் சத்தமே இல்லை. குழந்தை தூங்குகிறது.

"சம்பந்தி, நீங்க டைப் அடிக்கிறப்பவும் இந்தக் கை இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா."

"அப்ப அடிக்கிறது?"

"இடது கைதான்."

நான் ஒரு பொத்தானை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கார் பெயிண்டில் கீறல் பார்க்கிற மாதிரி. இதற்கு நடுவில் மினுமினுப்பு. இன்னொன்றை எடுத்தேன். இதற்கு இடது ஓரத்தில் மட்டும் மினுமினுப்பு, வலது பாதி சொரசொரப்பு போகாமல் புதுசாக இருந்தது. நேராக வந்து விழுந்த விரல் நடுவில் தேய்க்கும். தூரத்திலிருந்து எட்டி வந்த விரல் ஓரத்தில் தேய்க்கும்.

"இது வலது பக்கத்துப் பட்டன்தானே?" என்று நீட்டினேன்.

தடவிப் பார்த்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா. நடு வரிசை. இன்னும் இப்படி எடுங்க."

நான் வெளிச்சத்தில் பார்த்து இடம் வலம் பிரித்தேன். அவர் தடவிப் பார்த்து வரிசை பிரித்தார். கேட்டால்தான் பேசுவார் என்று சொன்னேன் அல்லவா, அதனால் கேட்டேன்.

டைப்பிங் கிளாஸில் இரண்டு கையாலும்தான் கற்றுக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் பத்து விரலும் ஓடுமாம். சம்பந்தியம்மா போன பிறகு குழந்தையை விட ஆள் இல்லை. ரெக்கார்டு ரூம் பொறுப்பில் இருந்த அம்மா, "சத்தம் வராம பாத்துக்கிட்டா கொண்டு வா" என்றார்களாம். பைல் வருகிற அட்டைப்பெட்டி ஒன்றைக் காலி பண்ணி, துணி போட்டு, நாற்காலிக்கு வலது பக்கம் தரையில் வைத்து, அதில் என் மாப்பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறார். வலது கை பெட்டிக்குள். இடது கை கீபோர்டில். கையை எடுத்தால் குழந்தை அழும். அழுதால் வேலை போகும்.

"ஒத்தைக் கையில அவ்வளவு வேலையும் முடிஞ்சுதா?"

"முதல்ல முடியல. கையெல்லாம் வீங்கும். அப்புறம் பழகிடுச்சு."

"மாப்பிள்ளை வளந்து பள்ளிக்கூடம் போனதும் ரெண்டு கையாலயும் அடிச்சிருக்கலாமே?"

"வலது கைக்கு மறந்து போச்சு சம்பந்தி. மடியிலயே கெடக்கும்." இன்னொரு பொத்தானைத் தடவி வரிசையில் வைத்துவிட்டு, "பாப்பா வந்தப்புறம்தான் அதுக்கு மறுபடி வேலை வந்திருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் புதுக் கீபோர்டு வாங்கியபோது பழையதைக் குப்பையில் போட எடுத்தார்களாம். கேட்டு வாங்கி வந்துவிட்டாராம். அதைத்தான் நான் டீ வடிகட்டியில் போட்டு அலசியிருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டதும் என் மனசு இளகிப் பொறாமை பறந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தால், பொறாமையை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அது இன்னும் கூடிவிட்டது. வெறும் கீபோர்டு என்றால் நானும் ஒன்று வாங்கிவிடலாம். இந்தக் கைக்கு நான் எங்கே போவேன்? என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் இரண்டு கையும் பம்பில்தான் இருந்தன. அவளைத் தட்டித் தூங்க வைத்தது அவள் அம்மா.

கடைசியில் ஒரு பொத்தான் குறைந்தது. எல்லோரும் பாய்க்கு அடியில் தேடினோம், துண்டை உதறினோம். மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள். "இங்க வாங்க! வடிகட்டி அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. இனிமே இந்த வீட்ல எனக்கு டீ வேண்டாம் சாமி!"

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். பாப்பா விழித்துவிடப் போகிறாள் என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டார், இடது கையால். கீபோர்டை இடுக்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். போகும்போது, பாப்பா வயிற்றிலிருந்து தன் கையை எடுத்தபடியே என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. அவர் தட்டிய மாதிரியே தட்டினேன். அவள் விழிக்கவில்லை. அடிக்கடி மகளைப் பார்த்தேன், அவள் பார்க்கிறாளா என்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது.

"யார் வீட்டுக்கும் வேண்டாம்" என்றாள். "பாப்பா எங்க வீட்லயே இருக்கட்டும். அம்மா காலையில வரட்டும். மாமா கீபோர்டத் தூக்கிக்கிட்டு அங்க வந்து வேலை பாக்கட்டும், ஒரு மேஜை போட்டுத் தரேன். நீ வேலை முடிஞ்சு மத்தியானம் வா."

என் மனைவிக்குச் சம்மதம். சம்பந்திக்கும் சம்மதம். எனக்குத்தான் உள்ளுக்குள் கருகியது. காலை முழுக்க அவர்கள் இரண்டு பேரும் விரலைத் தொட்டுவிட்டு உள்ளே போய்ப் பாப்பாவோடு இருப்பார்கள். நான் ஊர் வண்டி கழுவிவிட்டு, மத்தியானம் போய் மூடிய கதவுக்கு முன்னால் நின்று தட்டுவேன். ஆனால் பொரிஞ்சு தள்ளக் கூடாது என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாளே.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. தினமும் மத்தியானம் போவேன். கதவுக்கு அந்தப் பக்கம் டக் டக் கேட்கும். விரல் முட்டியால் மூன்று தடவை மெதுவாகத் தட்டுவேன். சம்பந்தியோ என் மனைவியோ வந்து திறப்பார்கள்.

போன வாரம் ஒருநாள் அவர் வந்து திறந்தார். திறந்துவிட்டு வழிவிடாமல் நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சம்பந்தி" என்றார். கேட்காமலே அவர் இவ்வளவு பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான் தினம் காலையில வரேன். விரல வைக்கிறேன், கதவு திறக்குது. பாப்பா திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. நான் வந்ததே அவளுக்குத் தெரியாது."

"சரி?"

"நீங்க தட்டினா மட்டும் காலை உதைச்சுக்கிட்டு வாசலையே பாக்குறா. மத்த யாரும் தட்டறதில்லையா, அது நீங்கதான்னு தெரிஞ்சு வச்சிருக்கா. கதவத் திறக்கக் கொஞ்சம் லேட்டானா அழறா."

அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். என் மனைவி மடியில் பாப்பா. கண் வாசலில். இரண்டு காலும் சைக்கிள் மிதிக்கின்றன. என்னைப் பார்த்ததும் பல் இல்லாத வாயைத் திறந்தாள் பாருங்கள்!

"அப்படியா? நான் கவனிச்சதே இல்லையே" என்றேன். "எந்தக் குழந்தையும் சத்தத்துக்குத் திரும்பத்தான் செய்யும், விடுங்க" என்று ஆறுதலும் சொன்னேன். அன்றைக்கு இரண்டு கை சோறு கூடப் போட்டுச் சாப்பிட்டேன். என் தேய்ந்த விரலை எடுத்துக்கொள்ளாத அந்தப் பூட்டைப் போகும்போது ஒரு தடவை துடைத்துக்கூட வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் போனபோது என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"இன்னைக்குக் காலையில சம்பந்தி கதவத் தட்டுறார்ங்க. மூணு தடவை, உங்கள மாதிரியே. ஏன் சம்பந்தி, விரல் வைக்கலையான்னு கேட்டா, விரல் ஈரமா இருக்குங்கிறார். மழையா, தண்ணியா? வெளிய வெயில் கொளுத்துது!"

வெளியே டக் டக் நடந்துகொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"பாப்பா திரும்பினாளா?"

"கொட்டாவி விட்டா."

"மூக்கு மேல சுருக்கம் விழுந்துச்சா?"

"போய்க் கையக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.